விற்பனை கூடுகிறது, கையில் பணம் நிற்கவில்லை: ஒரு மரச்செக்குக் கேள்விக்குப் பதில்

உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். காங்கேயம் பக்கம் ஒற்றை மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கிறீர்கள். பெரும்பகுதி கடலை எண்ணெய்; எள்ளும் தேங்காயும் கொஞ்சம். மாதம் ஏறக்குறைய 1,000 லிட்டர் போகிறது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 35 ரூபாய் லாபம் தெரிகிறது, ஆனால் மாதக் கடைசியில் பருப்பு வாங்கக் கைமாற்றுக்கு அலைகிறீர்கள். இந்த நேரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் மாதம் இன்னொரு 1,000 லிட்டர் கேட்கிறது. லிட்டர் 285 ரூபாய், 60 நாள் கடன். இதற்காகக் கடன் வாங்கி இரண்டாவது செக்கு போடலாமா, மைத்துனரைக் கூட்டுச் சேர்க்கலாமா, மனைவி பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தொழிலுக்கு வரலாமா என்று கேட்கிறீர்கள்.

செக்கு வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டை விட வேண்டாம், ஆனால் அவர்கள் சொல்லும் நிபந்தனையில் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். மற்ற இரண்டுக்கும் பிறகு வருகிறேன். சிறுதொழில்களின் கணக்குகளையும் கடன் விண்ணப்பங்களையும் பார்ப்பதே என் வேலையாக இருந்திருக்கிறது. நட்டத்தால் மூடிய தொழில்களைவிட, லாபம் வந்துகொண்டிருக்கும்போதே பணம் தீர்ந்து மூடியவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றை நடத்தியவர்களில் பலர் கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள். தொழில் வளர வளரப் பணம் கையில் சேரும் என்று நம்பினார்கள். வளர்ச்சி பணத்தை முதலில் உள்ளே இழுக்கும். திருப்பித் தருவது பிறகுதான்.

நீங்கள் கொடுத்த விலைகளையே வைத்துப் பார்ப்போம். நிலக்கடலைப் பருப்பு கிலோ 110 ரூபாய். லிட்டருக்கு இரண்டரைக் கிலோ வீதம் 275 ரூபாய். கூலி, மின்சாரம், பாட்டில், லேபிள், வண்டி வாடகை எல்லாம் 45. புண்ணாக்கு விற்று 55 திரும்புகிறது. ஆக அடக்கம் 265. கடைக்குப் போடுவது 300. இதுவரை சரி.

இனி நாட்களை எண்ணுங்கள். பருப்பு வாங்கி, காயவைத்து, ஆட்டும்வரை சுமார் 15 நாள் இருப்பு. எண்ணெய் தெளிந்து, பாட்டிலில் நிரம்பி, கடைக்குப் போகும்வரை இன்னொரு 15 நாள். மளிகைக் கடைக்காரர் பணம் தர 45 நாள். மொத்தம் 75 நாள், அதாவது இரண்டரை மாதம். மாதம் 1,000 லிட்டர், அடக்கம் 265 என்றால் எந்த நேரத்திலும் உங்களுடைய 6 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் பருப்பாகவும் எண்ணெயாகவும் பாக்கியாகவும் வெளியே நிற்கிறது. மாத லாபம் 35,000. விற்பனையை இரட்டிப்பாக்க இன்னொரு 6.62 லட்சம் வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்தாலும் இன்றைய லாபத்தைக் கொண்டு அதைச் சேர்க்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். நீங்கள் கைமாற்றுக்கு அலைவதற்குக் காரணம் இதுதான். உங்கள் திறமைக் குறைவும் அல்ல, மனைவி சந்தேகிப்பதுபோல் பணத்தை யாரோ எடுப்பதும் அல்ல.

சிவகிரியிலோ அவல்பூந்துறையிலோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எடுத்தால் உடனே பணம் கட்ட வேண்டும். கட்டிய பணத்தை 45 நாள் கழித்து, அதுவும் பாதி பாதியாக, கடைக்காரரிடம் வாங்குகிறோம். இந்த இடைவெளியில்தான் செக்குத் தொழில் முழுதும் நிற்கிறது. விலை ஏறினால் இடைவெளியும் கனக்கும். 2024 தொடக்கத்தில் கிலோ 100 ரூபாய்க்குக் கீழே இருந்த கொப்பரை 2025 நடுவில் 200 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு அரவைக் கொப்பரைக்கு, அதாவது எண்ணெய் ஆட்டும் கொப்பரைக்கு, மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை அதற்கு வெகு மேலே போய்விட்டது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொப்பரை தேவை. பழைய விலையில் கடனுக்குப் போட்டவர்கள், பணம் வந்ததும் ஏலத்துக்குப் போனால் பாதிச் சரக்குதான் கிடைத்தது. விற்பனைப் புத்தகத்தில் அவர்களுக்கு லாபம் இருந்தது. குடோன் காலியாக இருந்தது.

சூப்பர் மார்க்கெட் கணக்குக்கு வருவோம். லிட்டர் 285 என்றால் லாபம் 20. மாதம் 20,000 ரூபாய். கடன் 60 நாள் ஆனதால் மொத்தச் சுற்று 90 நாள். முடங்கும் பணம் 7 லட்சத்து 95 ஆயிரம். இந்தத் தொகையை ஊரில் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி 15,900. மிச்சம் 4,100. அவர்கள் தேதி தாண்டியதென்றும் கசிந்ததென்றும் சொல்லி மாதம் 20 லிட்டர் திருப்பி அனுப்பினால் அடக்க விலையிலேயே 5,300 போய்விடும். ஆக, ஊருக்குள் பெயர் கிடைக்கும். மாதாமாதம் 1,200 ரூபாய் கையிலிருந்து போகும். அதே தொகை வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கிடைத்தால் வட்டி 7,950 மட்டும். விலையை 290 ஆக்கி, கடனை 45 நாளாகக் குறைத்தால் முடங்குவது 6.62 லட்சமாகச் சுருங்கும், வட்டி 6,600, லாபம் 25,000. வட்டி போக 18,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். லிட்டருக்கு 5 ரூபாய், கடனில் 15 நாள் என்று அவர்களிடம் நீங்கள் பேசி வாங்க வேண்டியது இவ்வளவுதான். இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

இந்தப் பேச்சில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்குபவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். ஆகவே 60 நாள் என்ற நிபந்தனையே செல்லாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்தது: இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் காட்டலாம். கணக்குத் தணிக்கைக்கு உட்படும் நிறுவனங்கள் இதற்கு அஞ்சுகின்றன. உங்கள் உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். எண்ணெய் ஆட்டுவது உற்பத்தி என்பதால் உங்களுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது.

தெருமுனை மளிகைக் கடைக்காரர் இதற்கெல்லாம் அசைய மாட்டார், அவரிடம் காட்டிப் பயனுமில்லை. தொடர்ந்து வாங்கும் வாடிக்கையாளர் மேல் யாரும் புகார் கொடுப்பதுமில்லை. உறவு முறிந்த பிறகு பழைய பாக்கியை மீட்க இத்தகைய பாக்கி வழக்குகளை விசாரிக்கும் மண்டல அளவிலான வசதியாக்கக் குழுவிடம் போகலாம். சட்டத்தின் பெரிய பயன் அதற்கு முன்னால், ஒப்பந்தம் பேசும் மேசையில் கிடைக்கிறது.

சிறு கடைகளில் வேறு வழி உண்டு. உடனே பணம் தந்தால் தள்ளுபடி என்று அறிவிக்கலாம், ஆனால் எவ்வளவு என்பதில் கவனம் வேண்டும். கடன் 45 நாளிலிருந்து 15 நாளாகக் குறைந்தால் 2 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் விடுபடும். அதற்கு 2 ரூபாய் வட்டி மாதம் 5,300. வங்கி வட்டி 2,650. லிட்டருக்கு 5 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் மாதம் 5,000 போகிறது. கந்துவட்டியிலிருந்து விடுபடுகிறவருக்கு அது சரி. வங்கியில் கடன் வரம்பு உள்ளவருக்குச் சுமார் இரண்டரை ரூபாய்க்கு மேல் தள்ளுபடி நட்டம்.

ஆகவே நீங்கள் வங்கிக்குப் போக வேண்டியது, தேவைப்படும்போது எடுத்துப் பணம் வந்ததும் கட்டும் ரொக்கக் கடன் வரம்புக்காக, வங்கிக்காரர்கள் சிசி என்பார்களே, அதற்காக. செக்கு வாங்கும் தவணைக் கடனுக்காக அல்ல. சிறு நிறுவனங்களுக்கு 5 கோடி ரூபாய் வரையிலான வரம்புகளில் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த முறையை வங்கிகள் பின்பற்றுகின்றன: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கிலும் பாக்கியிலும் சுழலும் பணம், தேவை என்று கொண்டு, 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் உங்களுடையது. உங்கள் எண்ணெய் விற்பனை ஆண்டுக்கு 36 லட்சம், வரம்பு 7.2 லட்சம். இன்றைய தேவை முழுக்க இதில் அடங்கும். குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரை சிறு நிறுவனங்களிடம் வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதற்கு மேல், கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுசெய்யும் கடன் உத்தரவாத அறக்கட்டளையின் பாதுகாப்பில் தரலாம். மேலாளர் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். முறையான சரக்குக் கணக்கும், யார் எவ்வளவு நாளாகப் பாக்கி என்ற பட்டியலும், வரித் தாக்கலும் கேட்பார். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பாக்கியை அநேகமாக எந்த வங்கியும் கணக்கில் எடுக்காது. கேட்பது நியாயம்தான். அந்தப் பட்டியல் வங்கிக்கு முன் உங்களுக்கே தேவை.

வரி என்றதும் ஒன்று. ஜிஎஸ்டி பதிவு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். எண்ணெய் 36 லட்சம்தானே என்று நினைத்திருப்பீர்கள். புண்ணாக்கு ஆண்டுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம் வருகிறது. வரிவிலக்கு உள்ள விற்பனையும் விற்றுமுதலில் சேரும். எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள், இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள். சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம். நீங்கள் சொல்லும் 300 ரூபாய் வரி உட்பட என்றால் அதில் 14 ரூபாய் வரி. பாட்டில், லேபிள் மேல் கட்டிய வரியைக் கழிக்கலாம். விவசாயியிடம் நேராகப் பருப்பு வாங்கினால் அங்கே கழிக்க வரியே இருக்காது. 35 ரூபாய் லாபத்தில் ஒரு பகுதி இப்படிப் போகும் என்பதை இப்போதே விலையில் சேர்த்துவிட வேண்டும். விற்றுமுதலில் 1 சதவீதம் மட்டும் கட்டும் தொகுப்பு முறை எளியது, ஒன்றரைக் கோடி வரை அனுமதி உண்டு. ஆனால் அதில் இருப்பவரிடம் வாங்கினால் வரிக் கழிவு கிடைக்காது என்பதால் சூப்பர் மார்க்கெட் பின்வாங்கும், வெளிமாநிலத்துக்கும் அனுப்ப முடியாது. அவர்களிடம் பேசும் விலை வரி நீங்கலாக என்று எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது செக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒரு செக்கில் ஒரு ஷிப்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 40 லிட்டர், மாதம் 25 நாள், 1,000 லிட்டர் என்பது உங்கள் கணக்கு. அப்படியானால் இன்னொரு ஷிப்டு ஓட்டினால் 2,000 லிட்டர் வரும். அதற்கு வேண்டியது செக்கு ஓட்டத் தெரிந்த ஓர் ஆள். இயந்திரம் வாங்கத் தூண்டுவது பெரும்பாலும் மானியம். பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டம், குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டம் போன்றவற்றில் 35 சதவீதம் வரை மானியம் அறிவித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது கையில் வராது. வங்கியில் தனியே 3 ஆண்டு நின்று பிறகு கடனில் கழியும். மானியம் பெரும்பாலும் இயந்திர விலையை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. கடலை வாங்கவென்று தனியே மானியம் கிடைப்பது அரிது. ஆகவே தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கிவிட்டு, அதில் போடச் சரக்கு வாங்கப் பணமின்றி நிற்கிறார்கள். பளபளவென்று நிற்கும் செக்குகளை இந்தப் பகுதியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குத் தவணை மட்டும் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

தரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத் தட்டுப்பாடு முதலில் கெடுப்பது அதைத்தான். கையில் ரொக்கம் இருக்கும்போது ஏலத்தில் பருப்பைக் கையில் எடுத்து, நெரித்து, வாயில் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். ரொக்கம் இல்லாதபோது யார் கடன் தருகிறாரோ அவரிடம் வாங்குகிறோம். அங்கே தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. ஈரம் தங்கிய பருப்பு வரும். அதில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு. அது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. கொப்பரையில் கந்தகப் புகை போட்டது வரும். பார்க்க வெள்ளையாக இருக்கும், எண்ணெயில் வாடை காட்டிக்கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைக்க வழியில்லாதபோது அவசரம் இன்னும் கூடும். நாலைந்து நாள் தெளிய வேண்டிய எண்ணெயை இரண்டே நாளில் நிரப்பி அனுப்புவோம், அடியில் கசடு படியும். உங்களிடம் வாங்குகிறவர் கடையில் கிடைக்கும் ரீஃபைண்ட் எண்ணெயைவிட அதிக விலை கொடுத்து, பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறார். அந்த நம்பிக்கையை ஒருமுறை கெடுத்தால் திரும்பக் கேட்க மாட்டார், சண்டைக்கும் வர மாட்டார். அடுத்த மாதம் வேறு செக்குக்குப் போய்விடுவார். இரண்டாவது ஷிப்டு தொடங்கும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்தத் தேதி, எந்த மூட்டை, யார் ஓட்டியது என்று எழுதிவையுங்கள். புகார் வந்த அன்று அந்த நோட்டின் அருமை தெரியும்.

சந்தை இருக்கிறதா என்பதையும் சரியாக அளக்க வேண்டும். முதல் பாட்டிலை உறவும் நட்பும் வாங்கும். ஒரு வீட்டில் எண்ணெய் தீர ஒரு மாதம் ஆகும் என்பதால் முதல் மாத விற்பனை எதையும் சொல்லாது. மூன்றாவது முறை கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டிலும் அப்படியே: எல்லாக் கிளைக்கும் ஒரேயடியாக 1,000 லிட்டர் அனுப்பாமல், மூன்று கிளைகளுக்கு 300 லிட்டர் என்று தொடங்குங்கள். அலமாரிக்குப் போவது விற்பனை அல்ல, விற்காதது உங்களிடமே திரும்பும். திருப்பி அனுப்புவதற்கு ஓர் உச்சவரம்பும், பண்டிகைக்கால விலைக்குறைப்பு யார் கணக்கில் என்பதும் ஆர்டரிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மைத்துனர் விஷயம். அவர் கொண்டுவருவது என்ன என்று முதலில் கேளுங்கள். பணம் மட்டும் என்றால் எழுதிக் கொடுத்து வட்டியுடன் கடனாக வாங்கிக்கொள்ளுங்கள், பங்கு வேண்டாம். கோவை, ஈரோடு கடைகளைப் பிடித்துத் தரும் ஆற்றல் உள்ளவர் என்றால் கூட்டாளி ஆக்கலாம். அப்போது பத்திரம் எழுதி, 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவும் செய்துவிடுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பாக்கியை வசூலிக்க வெளியாள் மேல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. உங்கள் தொழிலில் பெரும்பணம் பாக்கியாகவே இருக்கும்போது இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்லத் தேவையில்லை. தனியுரிமை கூட்டாக மாறினால் பான் எண், உத்யம், உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் புதிதாக வேண்டும். வங்கி வரம்புக்கு விண்ணப்பித்த பிறகு மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். யார் மாதச் சம்பளம் எடுப்பது, எவ்வளவு, பிரிய நேர்ந்தால் கொடுக்கல் வாங்கல் எப்படி என்பதைச் சிரித்துப் பேசும் நாட்களிலேயே எழுதிவையுங்கள்.

உங்கள் மனைவி வேலையை விடலாமா என்ற கேள்வியைக் கடைசியில் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இன்று வீட்டு வாடகை, மளிகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர் சம்பளத்தில் நடப்பதால்தான் செக்கின் லாபம் செக்கிலேயே தங்குகிறது. சம்பளம் நின்ற மாதமே வீட்டுச் செலவு தொழிலிலிருந்து போகும். மேலே பார்த்த கணக்கில் சேர வேண்டிய மூலதனம் சேராது. அவர் சம்பளமும் இந்தத் தொழிலுக்குப் போட்ட முதல்தான், எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத முதல். உங்கள் இருவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைச் செலவுக் கணக்கில் எழுதி, அது போகவும் ஓராண்டு முழுதும் லாபம் நின்று, மழை மாதங்களிலும் வங்கி வரம்பில் பாதி எடுக்கப்படாமல் இருந்தால், அப்போது அவர் விடலாம்.

அதுவரை வாரம் ஒருமுறை அவரை உட்காரவைத்துப் பாக்கிப் பட்டியலைப் பாருங்கள். எந்தக் கடை எத்தனை நாள் என்று எழுதுங்கள். 30 நாள் தாண்டியவர்களை அன்றே தொலைபேசியில் அழையுங்கள். 45 நாள் தாண்டியவருக்குப் பழைய பாக்கி வரும்வரை புதுச் சரக்கு கிடையாது. அவர் எவ்வளவு பெரிய வாடிக்கையாளராக இருந்தாலும், உறவினராக இருந்தாலும் சரி.